எனக்கு முன்னால் கிளம்பிய பெட்டி

எங்கள் வீட்டிலிருந்து முதலில் வேலைக்குக் கிளம்பியது நான் இல்லை, என் பெட்டிதான்.

இன்ஜினியரிங் முடிக்கும் முன்பே பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்துக்கொண்டு போன கம்பெனி. ஒரு திங்கட்கிழமை காலை வந்து சேரச் சொல்லிக் கடிதம் அனுப்பியிருந்தார்கள். அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் விருத்தாசலத்தில் வண்டி ஏற வேண்டும். அம்மா தினக் காலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். ஞாயிறு மேற்கே சூலம். பெங்களூரோ எங்களுக்கு மேற்கே இருக்கிறது. கம்பெனிக்காரனிடம் போய்ச் சூலத்தை விளக்க முடியுமா?

ஆனால் அம்மாவிடம் இதற்கும் ஒரு வழி இருந்தது. பரஸ்தானம் வைப்பது என்று சொல்வார்கள். புறப்பட வேண்டிய நாள் சரியில்லையென்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நாளில் நல்ல நேரம் பார்த்து, போகிறவனின் பெட்டியை எடுத்துப்போய் வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவது. அந்த நிமிடமே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு ஆள் எப்போது வேண்டுமானாலும் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு அப்படியே ஊருக்குப் போகலாம், சூலம் ஒன்றும் செய்யாது. ஒன்று மட்டும் கூடாது. வெளியே போன பெட்டி மறுபடி வாசற்படி ஏறி வீட்டுக்குள் வரக் கூடாது. வந்தால் போகிற காரியம் விளங்காது.

வியாழக்கிழமை காலை என் பெட்டி எதிர் வீட்டுக்குப் போனது. அங்கே இருந்த அக்கா செராமிக் கம்பெனியில் ஃபினிஷிங் வேலை பார்த்தார். அச்சிலிருந்து வரும் பியூஸ் கட்டைகளை ஈரப் பஞ்சால் துடைத்து வழவழவென்று ஆக்குகிற வேலை. அவர் கட்டிலுக்குக் கீழே இடம் ஒழித்துக் கொடுத்தார். அம்மா பெட்டிக்குக் கற்பூரம் காட்டினாள். தெருவில் இருந்தவர்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லபடியா போயிட்டு வா தம்பி" என்றார்கள். யாரோ ஒருவர் நெற்றியில் திருநீறு பூசினார். எனக்கே கொஞ்சம் கண் கலங்கியது.

சனிக்கிழமை கூரியர் வந்தது. சந்தை நிலவரம் சரியில்லாததால் நான் சேரும் தேதி தள்ளிவைக்கப்பட்டிருக்கிறதாம். புதிய தேதி பின்னர் தெரிவிக்கப்படுமாம்.

அந்தப் 'பின்னர்' என்ற சொல்லுக்குள் நான் ஏறக்குறைய ஒரு வருடம் குடியிருந்தேன். என் நல்ல சட்டைகள், புது பேண்ட், சான்றிதழ்கள், அப்பா வாங்கித் தந்த தோல் செருப்பு எல்லாம் எதிர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்தன. நான் கல்லூரிக் காலத்து லுங்கியோடு வீட்டில் இருந்தேன். கல்யாணம், காதுகுத்து என்று எங்காவது போக வேண்டுமென்றால் எதிர் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து சட்டை மாற்றிக்கொண்டு போவேன். திரும்பி வந்ததும் அங்கேயே கழற்றி மடித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வருவேன். அம்மாவுக்கு இதில் ஒரு நூல் அளவு கூட விட்டுக்கொடுப்பு கிடையாது.

"ஒரே ஒரு சட்டையாவது எடுத்தாந்துக்கிறேம்மா."

"சட்ட வந்தா பின்னாலயே பெட்டி வரும். கம்முனு இரு."

அப்பா ஸ்ரீமுஷ்ணத்துக்கும் திட்டக்குடிக்கும் இடையே ஓடுகிற ஒரு தனியார் பஸ்ஸில் டிரைவர். ஒரு நாள் காலையில் அவர், "வூட்லயே எதுக்கு ஒக்காந்திருக்க, வா" என்று கூட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு பல நாட்கள் இன்ஜினுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போய்வந்தேன். போக வேண்டிய இடம் என்று ஒன்றும் இல்லாமல் பஸ்ஸில் போவது வேறு மாதிரி இருக்கும். ஸ்ரீமுஷ்ணத்தில் கோயில் பக்கமிருந்து துளசி வாசனையோடு ஆட்கள் ஏறுவார்கள். விருத்தாசலத்தில் பாதிப் பேர் இறங்குவார்கள். திட்டக்குடி நெருங்கும்போது வயல்கள் முடிந்து வெயில் மட்டும் நிற்கும். இன்ஜின் சூட்டில் கண் செருகி, பாதித் தூக்கத்தில் நான் பெங்களூரில் இருப்பேன். அங்கே கண்ணாடி வைத்த பெரிய கட்டடத்தில் எனக்கு ஒரு நாற்காலி இருக்கும். அந்த நாற்காலியில் பெட்டி உட்கார்ந்திருக்கும். விழித்துப் பார்த்தால் யாராவது ஒரு அம்மா முருங்கைக்காய்க் கட்டை என் மடியில் வைத்துவிட்டு டிக்கெட்டுக்குக் காசு தேடிக்கொண்டிருப்பார்.

"நீ எங்க தம்பி எறங்கணும்?" என்று கேட்பார்கள்.

"எங்கயும் இல்லீங்க" என்பேன். அப்பா கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கியரை மாற்றுவார்.

மத்தியானங்களில் வீட்டில் இருந்தால் தூக்கம்தான். காற்று அந்தப் பக்கமாக வீசினால் ஜங்ஷனில் வண்டி வருகிற அறிவிப்பு கேட்கும். சென்னை, திருச்சி, சேலம், கடலூர் என்று எல்லாத் திசைக்கும் எங்கள் ஊரிலிருந்து வண்டி உண்டு. அந்தப் பெண் குரல் ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்ல, நான் ஒவ்வொரு ஊராகப் போய்விட்டு வருவேன். எழுந்தால் பாய் கோடு கன்னத்தில் பதிந்திருக்கும். அம்மா டீ வைத்துக்கொண்டிருப்பாள். என் வயதுக்காரர்கள் எங்கெங்கோ சேர்ந்துவிட்டார்கள். நான் வெட்கத்தில் கூனிப்போயிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வெட்கமும் அந்த மத்தியானங்களில் தொலைவில் யாருக்கோ நடப்பது போல இருந்தது.

சில மாதம் போனதும் எதிர் வீட்டு அக்கா தயங்கித் தயங்கி வந்தார். அவர் மகள் முதல் பிரசவத்துக்கு வருகிறாள். கட்டிலும் வேண்டும், கட்டிலுக்கு அடியில் இருக்கும் இடமும் வேண்டும். "பொட்டிய உங்க வூட்டுக்கே..." என்று ஆரம்பித்தவரை அம்மா முடிக்க விடவில்லை. பின்னால்தான் வரக் கூடாதே தவிர, முன்னால் போகலாமே என்று ஒரு சட்டம் போட்டாள். மேற்கெல்லாம் அவளுக்கு மறந்துபோயிருந்தது. ஸ்டேஷன் இருக்கிற பக்கம்தான் இனி முன்பக்கம்.

அப்படித்தான் பெட்டி செராமிக் கம்பெனிக்குப் போனது. அது ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இருந்தது. அக்கா சூப்பர்வைசரிடம் பேசி, பச்சைச் சரக்கைக் காயவைக்கிற கூடத்தில் ஒரு மூலை வாங்கித் தந்தார். சைக்கிள் கேரியரில் கட்டி நான் தள்ளிக்கொண்டு போனேன். வண்டி தவறிக்கூட எங்கள் வாசல் பக்கம் திரும்பிவிடாமல் அம்மா தெருமுனை வரை காவல் வந்தாள்.

எனக்கு அந்தக் கூடம் பிடித்துப்போயிற்று. நீண்ட பலகைகளில் சுடாத பியூஸ் கட்டைகள் வரிசை வரிசையாக இருக்கும். ஓட்டுச் சந்து வழியாக இறங்குகிற வெளிச்சத்தில் வெள்ளைத் தூசி மெதுவாக மிதக்கும். யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். சட்டை மாற்றுகிற சாக்கில் போய், பெட்டி மேல் சும்மா உட்கார்ந்திருப்பேன். எழும்போது என் பின்பக்கம் மாவு அப்பினது போல வெள்ளையாக இருக்கும்.

"ஒம் பொட்டி நல்லா காஞ்சிடுச்சு தம்பி. இனிமே சூளையில வெக்க வேண்டியதுதான்" என்று அக்கா சிரிப்பார்.

பிறகு செராமிக் கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் வந்து பலகைக்கு இடம் போதவில்லை. பெட்டி மறுபடி நகர்ந்தது. இந்த முறை ஜங்ஷனுக்கு எதிரே இருந்த, அப்பாவுக்குத் தெரிந்தவரின் டீக்கடைக்கு. பிஸ்கட் டின்களுக்குப் பின்னால், சர்க்கரை மூட்டைக்குப் பக்கத்தில். இதற்குள் விஷயம் ஊருக்கே தெரிந்துவிட்டது. என்னைப் பார்க்கிறவர்கள் எப்போது போகிறாய் என்று கேட்பதை விட்டுவிட்டார்கள். "பொட்டி எங்க வரைக்கும் வந்திருக்குது?" என்றுதான் கேட்டார்கள். ஸ்டேஷன் வாசலுக்கு வந்துவிட்டது என்று சொன்னால், பரவாயில்லையே என்று மெச்சினார்கள். என்னைவிடப் பொறுப்பான பெட்டி.

பெங்களூர்க் கம்பெனியின் கடிதம் கடைசியில் மெயிலாகத்தான் வந்தது. பாலக்கரை பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில், பலகைத் தடுப்புக்குள் உட்கார்ந்து படித்தேன். வேலைவாய்ப்பைத் திரும்பப் பெறுகிறோம், உங்கள் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள். அவ்வளவுதான். வெளியே வந்தால் வெயில், ஆட்டோ, பழ வண்டி எல்லாம் அப்படியே இருந்தன.

அம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சொன்னேன். அழுவாள், கம்பெனிக்காரனை மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரு காம்பை உருவிப் போட்டுவிட்டு, "அப்ப பொட்டிய எடுத்தாந்துடு" என்றாள்.

எனக்குச் சுரீரென்றது. ஒரு வருடமாக ஒரு கைக்குட்டையைக்கூடப் படியேற விடாதவள். அவளே கொண்டுவரச் சொல்கிறாள் என்றால், இனி நான் எங்கேயும் போகப்போவதில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். குரலில் வருத்தம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. லுங்கியை மாற்றிக்கொண்டு ஜங்ஷனுக்கு நடந்தேன். நடக்க நடக்கக் கோபம் வந்தது. ஒரு வருடத்தில் எனக்கு வந்த முதல் நிஜமான கோபம் அது. தூக்கத்திலிருந்து உலுக்கி எழுப்பியது போல இருந்தது.

டீக்கடையில் பெட்டியை எடுத்துத் துடைத்தேன். செராமிக் தூசி இடுக்குகளில் இன்னும் இருந்தது. சாலைக்கு இந்தப் பக்கம் நின்றால் வீடு, அந்தப் பக்கம் ஸ்டேஷன். மதுரைப் பக்கமிருந்து சென்னைக்குப் போகிற பகல் வண்டி வரப்போவதாக அந்தப் பெண் குரல் சொன்னது. மத்தியானத் தூக்கத்தில் எத்தனையோ முறை கேட்ட அதே குரல். கிட்டத்தில் கேட்க, கொஞ்சம் சளி பிடித்தது போல இருந்தது.

அப்பாவின் பஸ் அப்போதுதான் ஸ்டேஷன் எதிரே வந்து நின்றது. ஆள் இறங்குவதற்குள் அவர் என்னையும் பெட்டியையும் பார்த்துவிட்டார். இன்ஜினை அணைக்காமல் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"எங்க?"

"மெட்ராசு. கூட படிச்சவன் ரூம் எடுத்திருக்கான். அங்கருந்தே வேல தேடுறேன்ப்பா." சொல்லி முடித்த பிறகுதான் நான் போகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

அவர் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னைக்கு நாளு எப்பிடின்னு பாக்கலயே" என்றேன்.

"அது கெளம்பி ஒரு வருஷம் ஆவப்போவுது. இப்ப போயி என்ன நாளு" என்றார். சிரிக்க முயன்றார், சரியாக வரவில்லை. "அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். வண்டி வருது, போ." கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் திட்டக்குடிப் பக்கம் போய்விட்டது.

வண்டியில் கழிவறைப் பக்கம் பெட்டி மேலேயே உட்கார்ந்து சென்னை வரை போனேன். தூக்கமே வரவில்லை. எல்லா ஊர்களும் அதனதன் இடத்தில் கெட்டியாக இருந்தன.

மறுநாள் காலை சைதாப்பேட்டையில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து எதிர் வீட்டுக்கு போன் செய்தேன். எங்கள் வீட்டில் போன் கிடையாது. அக்கா குரல் கொடுத்ததும் அம்மா ஓடிவருகிற செருப்புச் சத்தம் கேட்டது. நண்பனைப் பார்க்கப் போயிருக்கிறான் என்று மட்டும் அப்பா சொல்லியிருக்கிறார். பாவம், அவருக்கு அதற்கு மேல் சொல்லத் தைரியம் வரவில்லை.

"எப்ப வர?" என்றாள்.

"இங்கயே வேல தேடப் போறேம்மா."

"பொட்டி எங்க இருக்குது? டீக்கடையிலதான?"

"எங்கிட்டதாம்மா இருக்குது. பக்கத்துலயே."

லைன் அறுந்துவிட்டதோ என்று பூத்துக்காரரைப் பார்த்தேன்.

"அப்ப நெசமாவே போயிட்டியாடா" என்றாள்.

அதன் பிறகு அழுகிற சத்தம் மட்டும் வந்தது. அக்கா போனை வாங்கி, அப்புறமாகப் பேசு தம்பி என்று சொல்லி வைத்துவிட்டார். நான் ரிசீவரைப் பிடித்தபடி அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றுகொண்டிருந்தேன். ஊரெல்லாம் பெட்டி எது வரை போயிருக்கிறது என்று கேட்ட அந்த வருடம் முழுக்க, பெட்டியை மட்டும் அனுப்பிவைத்துவிட்டு அவள் என்னைத் தன்னிடம் வைத்துக்கொண்டிருந்தாள். வீணாய்ப் போன வருடம் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.