அந்தக் கம்பெனியைக் கேளுங்கள்

இத்தனை வருஷமாகியும் அந்தக் கோபம் எனக்குத் தணியவில்லை. தணிய வேண்டும் என்று நான் விரும்பியதும் இல்லை.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் எனக்கு வேலை. வெளிநாட்டு ஆன்டிவைரஸ் கம்பெனி ஒன்றுக்காக, இங்கிலாந்தில் இருக்கும் வாடிக்கையாளர்களுக்கு ஃபோனில் பதில் சொல்ல வேண்டும். அங்கே காலை விடியும்போது இங்கே மதியம். ஸ்ரீவராகத்தில் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, தெருமுனைக்கு வரும் கம்பெனி வேனில் ஏறினால் நேரம் சரியாக இருக்கும். வேலை எனக்குப் பிடித்திருந்தது. முகம் தெரியாத யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டரை, அதைத் தொடாமலேயே, பேச்சால் மட்டும் சரிசெய்வதில் ஒரு சந்தோஷம் உண்டு. அந்த சந்தோஷத்தைத்தான் கெடுத்தார்கள்.

கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளைத் தயாரிக்கும் கம்பெனி அந்த வருஷம் பெரிய அப்டேட் ஒன்றை வெளியிட்டது. பாதுகாப்புக்காக, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். போட்டுக்கொண்டவர்களில் பலருக்குக் கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. நீலத் திரை ஒன்று மின்னி மறையும், கம்ப்யூட்டர் தானே அணைந்து திரும்பக் கிளம்பும், மறுபடி நீலத் திரை. நாள் முழுக்க விட்டு வைத்தாலும் அதையேதான் செய்துகொண்டிருக்கும். எல்லோருக்கும் இல்லை, எங்கள் ஆன்டிவைரஸை வைத்திருந்தவர்களுக்கு மட்டும். அந்த அப்டேட்டுக்கும் எங்கள் மென்பொருளுக்கும் ஒத்துப்போகவில்லை. முதல் நாள் சாயங்காலத்துக்குள் எங்கள் மாடியில் இது தெரியாதவர்கள் யாரும் இல்லை.

மறுநாள் டீம் லீடர் எங்களைக் கூட்டி வைத்துப் பேசினார். கொல்லத்துக்காரர், என்னைவிட நாலு வயது பெரியவர் இருப்பார். அப்டேட் போட்ட பிறகுதானே பிரச்சினை வந்தது, ஆகவே அப்டேட் கொடுத்த கம்பெனியைக் கேட்கச் சொல்லுங்கள் என்றார். ரொம்பவும் வற்புறுத்தினால் ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்யச் சொல்லுங்கள் என்றார். ஃபார்மட் செய்தால் அதில் இருப்பது அத்தனையும் அழிந்துபோகும். போட்டோ, கடிதம், கணக்கு எதுவும் மிஞ்சாது. தவறு நம்முடையது என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது, எல்லா அழைப்பும் பதிவாகிறது என்று இரண்டு தடவை சொன்னார்.

என் பெரியம்மா பெண்ணின் கணவர் அதே கட்டடத்தில் நாலாவது மாடியில் வேலை பார்த்தார். வலியசாலையில் வீடு. அத்திம்பேர் என்று கூப்பிடுவேனே தவிர அதுவரை அதிகம் பேசியதில்லை. கேன்டீனில் சாயா குடிக்கும்போதுதான் பழக்கமே வந்தது. அப்டேட் கொடுத்த அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர்களுக்கு ஃபோனில் பதில் சொல்வதுதான் அவருடைய வேலை. அந்த வாரம் ஒரு நாள் வாழைப்பழப் பழம்பொரியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்:

"ஆன்டிவைரஸ் கேஸ் எல்லாத்தையும் எங்ககிட்ட தள்ளி விடறேள், இல்லியா? நாங்க திரும்ப உங்ககிட்டயே தள்ளறோம். எங்களுக்கு எழுதிக் குடுத்திருக்கறது அப்படியாக்கும்."

நிஜமாகவா என்றேன்.

"பின்னே? கஸ்டமர்கள் இந்த ஃபோனையும் அந்த ஃபோனையும் மாத்தி மாத்திப் பண்றா. ரெண்டும் இந்தக் கட்டடத்துலதான் அடிக்கறது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் மேனேஜர் இரண்டு மாடி இறங்கி வந்து எங்கள் மேனேஜரோடு பேசினால் என்ன என்று கேட்டேன். அதற்கெல்லாம் பெர்மிஷன் கிடையாது, இரண்டு கம்பெனிக்கும் தனித்தனிக் காண்ட்ராக்ட், ஒருத்தர் விஷயம் இன்னொருத்தருக்குத் தெரியவே கூடாது என்றார். இரண்டு மாடிக்காரர்களும் ஒரே லிஃப்டில் ஏறி, ஒரே கேன்டீனில் ஒரே பாத்திரத்துச் சாயாவைத்தான் குடித்துக்கொண்டிருந்தோம்.

இதற்குள் என் பக்கத்து இருக்கைப் பெண், நெடுமங்காட்டுக்காரி, சோதனைக்காக வைத்திருந்த கம்ப்யூட்டரில் நாலைந்து விதமாக முயன்று ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். மிக அவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் கம்ப்யூட்டரைக் கிளப்பி, எங்கள் மென்பொருளின் ஒரே ஒரு ஃபைலுக்குப் பெயரை மாற்றினால் போதும். அடுத்த தடவை ஒழுங்காகக் கிளம்பிவிடும், எதுவும் அழியாது. அதை டீம் லீடரிடம் போய்ச் சொன்னோம். அதே மாதிரி கிளம்பாமல் கிடந்த தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் அவர் அன்றைக்கே செய்து பார்த்து, மறுநாள் எங்களிடம் வந்து நன்றாக வேலை செய்கிறது என்றார். ஆனால் மேலிடம் ஒப்புதல் தராத வழி, வாடிக்கையாளர்களிடம் சொல்லக் கூடாது என்றார். அவர் வீட்டுக்கு ஆகும், ஊராருக்கு ஆகாது.

அடுத்த வாரம் ஒரு மதியம் இங்கிலாந்திலிருந்து ஒரு அம்மாவின் அழைப்பு எனக்கு வந்தது. நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் பேச ஆரம்பித்தாள். குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. நீங்கள் அந்தக் கம்பெனியைக் கேட்கச் சொல்லுவீர்கள், அவர்கள் உங்களைக் கேட்கச் சொல்லிவிட்டார்கள், நேற்று ஒரு பையன் எல்லாவற்றையும் அழித்துவிடச் சொன்னான், என்னால் அழிக்க முடியாது, அதனால் வேறு ஏதாவது சொல்லுங்கள் என்றாள். என் திரையில் அவளுடைய பழைய அழைப்புகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'பிரச்சினை தீர்ந்தது' என்று குறித்து மூடியிருந்தார்கள்.

ஏன் அழிக்க முடியாது என்று கேட்டேன். அவளுடைய கணவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. ஒரு கைதான் அசையும். அவள் தானாகவே கற்றுக்கொண்டு, கம்ப்யூட்டரில் படம் படமாகப் பக்கங்கள் செய்து வைத்திருந்தாள். தேநீர்க் கோப்பை, போர்வை, வலி, மகளின் முகம். அவர் மௌஸை நகர்த்தி ஒரு படத்தை அழுத்தினால், அவள் பதிவு செய்து வைத்திருக்கும் குரல் அந்தச் சொல்லைச் சொல்லும். மனைவியின் குரலில்தான் அவர் பேசிக்கொண்டிருந்தார். அப்டேட் போட்ட அன்றிலிருந்து அதுவும் இல்லை.

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் மரத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. விட்டு விட்டுத் தட்டிக்கொண்டே இருந்தது. அவர்தான் என்றாள். ஏதோ வேண்டும், என்னவென்று தெரியவில்லை, ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கிறேன், எதற்கும் இல்லை என்று தலையாட்டுகிறார் என்றாள்.

 நாங்கள் சொல்ல வேண்டியதை எழுதிய ஸ்கிரிப்ட் என் எதிரே ஒட்டியிருந்தது. அதைப் பார்க்கவே இல்லை. "அம்மா, தவறு எங்களுடையது" என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னேன். எங்கள் மென்பொருளும் அந்த அப்டேட்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, உங்கள் கம்ப்யூட்டரில் எந்தக் கோளாறும் இல்லை, எதையும் அழிக்க வேண்டாம், நான் சொல்கிறபடி செய்யுங்கள் என்றேன்.

சேஃப் மோடுக்குப் போகவே மூன்று முறை முயல வேண்டியிருந்தது. சரியான நொடியில் விசையை அழுத்த அவளுக்குக் கை வரவில்லை. பிறகு கட்டளைகளை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தையும் அவள் திருப்பிச் சொல்லி அடித்தாள். கம்ப்யூட்டரைத் திரும்பக் கிளப்பச் சொன்னேன். இரண்டு பேரும் காத்திருந்தோம். நீலத் திரை வரவில்லை என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு அவள் நாற்காலியை இழுக்கும் சத்தம், மௌஸை அழுத்தும் சத்தம், அப்புறம் அவளுடைய குரலே தூரத்திலிருந்து, கம்ப்யூட்டரிலிருந்து கேட்டது: ஜன்னல்.

"ஜன்னலா?" என்று அவள் கேட்டாள், என்னை அல்ல. ஃபோனை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். ஜன்னலைத் தூக்கித் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து ஃபோனை எடுத்தாள்.  புதிய பதிப்பு வரும்வரை வேறு எதையும் போடாதீர்கள் என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்தேன்.

மறுநாள் டீம் லீடர் கூப்பிட்டார். மேலே யாரோ அந்தப் பதிவைக் கேட்டிருக்கிறார்கள். தவறு நம்முடையது என்று நீ எப்படிச் சொல்லலாம் என்று மலையாளத்தில் கேட்டார்.

"நம்முடையது இல்லையா, சார்?"

"அது இல்லை விஷயம்."

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, உன்னை ஃபோனிலிருந்து எடுத்துவிட்டார்கள், புதிதாகச் சேர்ந்தவர்களோடு உட்கார்ந்து மறுபடி பயிற்சி எடு என்றார்.

பயிற்சி நடந்தது ஒரு கண்ணாடி அறையில். பெங்களூரிலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தாள். முதல் நாளே, செய்யக் கூடாததற்கு உதாரணமாக ஒரு அழைப்பைக் கேட்போம் என்று சொல்லி என்னுடைய பதிவைப் போட்டாள். யாருடைய குரல் என்று சொல்லவில்லை. குரலை வைத்தே எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அறைச் சுவர்களில் அந்த அம்மாவின் கணவருடைய தட்டல் எதிரொலித்தது. யாரோ ஒருவன், வீட்டில் ஆசாரி வேலை நடக்கிறதா என்று கேட்டான். சிரித்தார்கள். பயிற்சியாளரும் சிரித்தாள். "தவறு எங்களுடையது" என்று நான் சொன்ன இடத்தில் நிறுத்தி, இங்கே என்ன பிழை, யார் சொல்வீர்கள் என்று கேட்டாள்.

நான் எழுந்தேன். யோசித்துச் செய்ததாகச் சொல்ல மாட்டேன். வெள்ளைப் பலகையில் அந்த ஃபைலின் பெயரையும், அதை என்னவாக மாற்ற வேண்டும் என்பதையும் பெரிய எழுத்தில் எழுதினேன். "பக்கவாதம் வந்தவர் தட்டுகிறார். அவருக்கு ஜன்னலைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். இதைச் செய்தால் கம்ப்யூட்டர் கிளம்பும். மற்றதெல்லாம் ஜனங்களை விரட்டுவதற்கு இவர்கள் சொல்லிக் கொடுப்பது" என்றேன். சிரிப்பு நின்றது. இரண்டு மூன்று பேர் எழுதிக்கொண்டார்கள். பயிற்சியாளர் வந்து பலகையை அழித்தாள்.

மதியத்துக்குள் எச்.ஆரில் உட்கார வைத்தார்கள். மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடு, இல்லாவிட்டால் ராஜினாமா எழுதிக் கொடு என்றார்கள். யாரிடம் மன்னிப்பு, அந்த அம்மாவிடமா என்று கேட்டேன். ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு, வெயிலில் ஹைவே வரை நடந்து வந்து அரசு பஸ்ஸில் ஏறினேன். வீட்டில் அப்பா, நீ ஒருத்தி கத்தினால் கம்பெனி மாறிவிடுமா என்று கேட்டார். அப்பாவிடம் குரல் உயர்த்திப் பேசியது அன்றைக்குத்தான்.

"மாறாட்டாப் போறது. அதுக்காக நான் பொய் சொல்லணுமா?"

அம்மா தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்திம்பேர் வந்தார். பலகையில் எழுதியது அவர்கள் மாடி வரைக்கும் போய்விட்டதாம்.

"இப்போ எங்காளுகளும் ஸ்கிரிப்டைப் படிச்சுட்டு, கடைசியில மெள்ள அந்த ஃபைல் பேரைச் சொல்லிடறா. நானும் சொல்றேன்."

கேன்டீனில் சிரித்த அன்றைக்கே மேலே போய் ஏதாவது கேட்டிருக்கலாமே என்றேன்.  "எனக்குக் குழந்தை இருக்கு, கேட்டியா" என்றார். அவர்மேல் வந்த கோபம் அதோடு பாதி போயிற்று. மீதி இப்போதும் இருக்கிறது.

சில வாரங்களில் எங்கள் கம்பெனி புதிய பதிப்பை வெளியிட்டது. சில வாடிக்கையாளர்களுக்கு ஏற்பட்ட சிறிய அசௌகரியத்தை விரைந்து சரிசெய்துவிட்டோம் என்று இணையதளத்தில் போட்டிருந்தார்கள். அதற்குள் ஃபார்மட் செய்து எல்லாவற்றையும் இழந்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் சொல்லவில்லை. நெடுமங்காட்டுப் பெண் ஃபோன் செய்து இன்னொன்றும் சொன்னாள். அந்த அம்மா நன்றி தெரிவித்து மெயில் அனுப்பியிருந்தாளாம். என் பெயர் வந்த வரியை எடுத்துவிட்டு, மிச்சத்தை அச்சடித்து டீமுக்குக் கிடைத்த பாராட்டு என்று சுவரில் ஒட்டியிருக்கிறார்களாம். கிழித்துப் போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், உன் வேலை போய்விடும் என்றேன்.

பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராகச் சேர்ந்தேன். இரண்டு வருஷம் கழித்து சாலை மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது டீம் லீடரைப் பார்த்தேன். மனைவியோடு வந்திருந்தார். சிரித்த முகமாக நலம் விசாரித்தார். அன்றைக்கு நீ சொன்னது சரிதான், ஆனால் அதைச் சொல்வதற்கு ஒரு முறை இருந்தது என்றார்.

"என்ன முறை, சார்?"

அவர் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். அந்த அம்மாவைக் கூப்பிட்டு யாராவது ஒரு வார்த்தை சொன்னீர்களா என்று கேட்டேன். அப்படி ஒரு வழக்கம் கிடையாது என்றார். அவர் மனைவி யார், என்ன என்று புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் நான் திரும்பி நடந்தேன். கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான், வாங்கிய காய்கறியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது.