செருப்பு அடுக்குக்கு மேலே ஒரு படம்

என் அண்ணன் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குகிறார். நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய், எங்கேயும் போய்ச் சேராத உத்தியோகம் என்று அவரே சொல்லிக்கொள்வார். அண்ணி இறந்த பிறகு எங்களோடுதான் இருக்கிறார். வேலை முடிந்ததும் ஒரு குருவின் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போய், வருகிறவர்களின் செருப்புகளைப் பார்த்துக்கொள்வார். சம்பளம் கிடையாது. கேட்டால், "வீட்டுக்கு வந்து சுவரைப் பாக்குறதுக்கு இது தேவலைம்மா" என்பார்.

என் வீட்டுக்காரர் பத்திரிகையில் கேலிச்சித்திரம் போடுகிறவர். ஊரையே நக்கலடிக்கிறவர் மச்சானை மட்டும் விடுவாரா? "மச்சான், மேல போனா எனக்கும் ஒரு இடம் பிடிச்சு வைங்க" என்பார். "உங்களுக்குக் கீழ போற பட்டன்தான் மாப்பிள்ளை" என்பார் அண்ணன். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

எங்கள் வீட்டுக்கு முன்னறை ஒன்றுதான். விடிந்ததும் அண்ணன் ஒரு மூலையில் கண்ணை மூடித் தியானத்தில் உட்காருவார். வாய் லேசாகத் திறந்துகொள்ளும். எதிரே மேசை போட்டு இவர் வரைவார். யாரை வரைந்தாலும் முதலில் அண்ணன் முகத்தைப் பார்த்துத்தான் பென்சில் ஓடும். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்க வேறு யார் கிடைப்பார்கள்? மை போடும்போது மூக்கை மாற்றி, மீசையை ஒட்டி வேறு ஆளாக்கிவிடுவார்.

அன்றைக்கு மாற்றவில்லை. ஆபீஸிலிருந்து போன் மேல் போன். அவசரத்தில் அப்படியே மை போட்டு அனுப்பிவிட்டார். படத்தில் கூடத்துக் குரு ஆசீர்வாதம் பண்ணுகிறார்: ஒரு கை பக்தன் தலையில், இன்னொரு கை அவன் சட்டைப்பையில். பக்தன் கண்ணை மூடி வாயைப் பிளந்திருக்கிறான். அச்சு அசல் என் அண்ணன்.

படம் வெளிவந்ததும், கல் விழும் என்று பயந்து பத்திரிகை ஆசிரியர் ஆபீஸ் கேட்டைப் பூட்டச் சொன்னார். ஒன்றும் விழவில்லை. குரு பலே ஆள். விழுந்து விழுந்து சிரித்தாராம். தனக்கு எவ்வளவு பெரிய மனசு என்று காட்ட, அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, கூடத்து வாசலில் செருப்பு அடுக்குக்கு மேலேயே மாட்டிவிட்டார். கீழே என் அண்ணன். செருப்பைக் கழற்றுகிறவர்கள் மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனார்கள்.

அண்ணன் கூடத்துக்குப் போவதை நிறுத்தினார். பிறகு மூலையில் உட்காருவதையும் நிறுத்தினார். அண்ணி போன பிறகு அவருக்கென்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதுவும் போனால் அந்த மனிதர் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பார்?

"கிண்டல்னா யாருக்காவது வலிக்கத்தான் செய்யும்" என்றார் இவர்.

"வலிக்க வேண்டிய ஆளு சட்டம் போட்டு மாட்டிட்டாரே" என்றேன்.

கடைசியில் இவரே போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். "மச்சான், வேணும்னு பண்ணல. அவசரத்துல மூஞ்சிய மாத்த மறந்துட்டேன்."

"தெரியும் மாப்பிள்ளை. படம் நல்லாத்தான் இருந்துச்சு. நானே சிரிச்சேன்."

"அப்புறம் ஏன் உட்கார மாட்டேங்கிறீங்க?"

அண்ணன் கையால் முகத்தைத் தடவிக்கொண்டார். "முன்னெல்லாம் கண்ண மூடினா முதல்ல என் பொண்டாட்டி முகம் வரும். அப்புறம் சாமி வரும். இப்ப என் மூஞ்சிதான் வருது, வாயைப் பொளந்துக்கிட்டு."

மறுநாள் காலையில் இவர் மேசையைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, பழைய மூலையில் போய் உட்கார்ந்தார். உதடு அசைந்தது. கண்ணை மட்டும் கடைசிவரை மூடவே இல்லை.