கொடி தூக்கிய அணுக்கள்

மருத்துவமனை அவசர சிகிச்சைப் பிரிவின் ரத்தப் பரிசோதகர், எந்தக் கொம்பன் வந்து காய்ச்சல் கதை சொன்னாலும் காதில் வாங்கமாட்டார். வைரஸ் நுழைந்தால் வெள்ளையணுக்கள் தம்மேல் ஓர் அடையாளத்தைக் கொடிபோலத் தூக்கிக் காட்டும். அவர் நம்புவது அந்தக் கொடியை மட்டுமே.

இன்று அவருடைய அக்கா, கணவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தாள். பரிசோதித்தால், அத்தானின் அணுக்கள் கொடி பிடித்து ஊர்வலமே போயின.

“வைரஸ்தான்க்கா. டாக்டரும் பாத்துட்டார். ஊசி வேணாம், ஒரு வாரம் நல்லா ஓய்வெடுத்தாப் போதும்.”

அத்தானுக்குப் பாதிக் காய்ச்சல் அங்கேயே இறங்கியது. அக்காவுக்கு ஏறியது.

“கல்யாணமான நாள்லேருந்து அதைத்தானேடா செய்யுறாரு! இன்னொரு தடவை நல்லாப் பாரு, ஊசி போடுற மாதிரி ஏதாவது இருக்கும்!”