நடுவில் வெட்டிய துண்டு

ஆய்வேட்டில் கையெழுத்து வாங்க வேண்டிய வியாழக்கிழமை அது. நான்கு மணிக்குள் அலுவலகத்தில் சேர்த்தால்தான் சமர்ப்பித்த சான்று கிடைக்கும். சான்றோடு திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக ராதாபுரம் பக்கத்துக் கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். என் முதல் வேலை.

செல் தன் டிஎன்ஏவை நகலெடுக்கும்போது இரட்டை இழை பிரிந்து ஒற்றை இழை வெளியே தெரியும். அதைப் போர்த்திக் காக்கும் ஒரு புரதம்தான் என் ஐந்து வருடப் பாடு. ஆற்று மணலில் கிடைத்த பாக்டீரியாவினுடையது. அதற்கு இழையைப் பிடிக்க உறுதியான உடல், துணைப் புரதங்களை அழைக்க ஒரு நுனி, நடுவே உருவமே இல்லாமல் தொளதொளவென்று ஒரு நீளம். சுத்தப்படுத்தும்போதெல்லாம் அந்த நடுவில்தான் அறுந்தது. எங்கள் தொழிலில் இதற்கு வழக்கமான வைத்தியம் உண்டு: தொல்லை தரும் துண்டை மரபணுவிலேயே வெட்டிவிடுவது. வழிகாட்டி மேடம் வெட்டச் சொன்னார், வெட்டினேன். புரதம் சமர்த்தாக நின்றது, நகலெடுப்பும் நடந்தது. நடுப்பகுதி தேவையற்றது என்று மூன்றாம் அத்தியாயத்தில் எழுதிவிட்டேன்.

செவ்வாயன்று, சும்மா இருக்கமாட்டாமல், மிச்சமிருந்த வெட்டிய புரதத்தையும், அறுபடாமல் தப்பியிருந்த கொஞ்சம் முழுப் புரதத்தையும் தனித்தனிக் குழாயில் சேதமான டிஎன்ஏவோடு போட்டுப் பார்த்தேன். ஐந்து வருடமும் நல்ல டிஎன்ஏவை மட்டுமே வைத்து ஓட்டியிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. முழுப் புரதம் இருந்த குழாயில் பழுதுபார்க்கும் புரதம் வந்து ஒட்டியது, நகலெடுப்பும் தொடர்ந்தது. வெட்டிய புரதத்திடம் அது வரவே இல்லை. நகலெடுப்பு பாதியில் நின்றது. நடு நீளம் வளைந்து கொடுத்தால்தான் நுனி எட்ட வேண்டிய இடத்துக்கு எட்டும் போலிருக்கிறது. மறுநாளும் செய்தேன். அதே விடை. சோதனை முடிவின் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு யாரிடமும் மூச்சு விடவில்லை.

வியாழன் மூன்றரைக்கு மேடம் பேனாவைத் திறந்தார். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டும் விட்டார். ஏட்டை எடுக்க என் கை நீண்டது. எடுக்க முடியவில்லை. போனை நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகு நேரம் பார்த்தார்.

"எத்தன நாளா இது உங்கிட்ட கெடக்கு?"

"ரெண்டு நாளா, மேடம்."

"கையெழுத்துப் போடுத வரைக்கும் வாயைத் தொறக்கல, என்னட்டி?"

"திங்கட்கிழமை வேலைல சேரணும்."

"அது எனக்குத் தெரியாதாக்கும்." குரல் இறங்கிவிட்டது. "வெட்டச் சொன்னவ நான். சேதமான டிஎன்ஏவுல போட்டுப் பாக்கச் சொல்ல எனக்குத் தோணல."

வாசலில் அலுவலக உதவியாளர் வந்து நின்றார். "மேடம், மணி நாலாவப் போவுது. வாங்கிட்டுப் போவவா?"

மேடம் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். முடிவை என் தலையில் கட்டுகிறாரே என்று ஆத்திரமாக வந்தது. ஒரு வார்த்தை, 'குடு' என்றிருந்தால் கொடுத்திருப்பேன். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

"இன்னைக்கு இல்ல அண்ணாச்சி," என்றேன். மேடம் ஏட்டைத் தன் பக்கம் இழுத்து, தான் போட்ட கையெழுத்தைத் தானே அடித்தார்.

அந்த வேலை வேறொருவருக்குப் போனது. என் நேர்மையைப் பாராட்டி ஆய்வகத்தில் யாரோ கைதட்டினார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. திங்கட்கிழமை காலை, நான் வகுப்பெடுத்திருக்க வேண்டிய நேரத்தில், முழுப் புரதத்தைச் சுத்தப்படுத்த உட்கார்ந்தேன். அது மறுபடியும் நடுவில் அறுந்தது.