பட்டியலில் வந்த பெயர்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் துர்ஸாஃப் கதை கட்டுகிற பெண் இல்லை. துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரத்தில், ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில், பட்டப்பகலில் அவளுக்கு நடந்தது இது.

அங்கே பெரிய கம்ப்யூட்டரைக் கவனித்துக்கொள்வது அவள் வேலை. கூட வேலை பார்த்த லஸாதும் அவளும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். ஆனால் தலைமை அலுவலகப் பதவிக்கு அவன் பெயர்தான் போயிருந்தது. கணக்கு முடிக்க அவன் எழுதிய புதிய புரோகிராம், அவர்கள் பேச்சில் 'வேலை', அன்று மாலைக்குள் கம்ப்யூட்டரில் ஓடி முடிந்துவிட்டால் பதவி உறுதி. அவளுக்கு வயிறு எரிந்தது.

ரமலான் மாதம். பிற்பகலிலேயே எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.

"நீ வரலையா? நோன்பு திறக்க வீட்ல தேடுவாங்களே," என்றான் லஸாத்.

"நீ போப்பா, பெரிய அதிகாரி! உன் வேலை ஓடுதான்னு நான் பார்த்துக்கறேன்."

"பார்த்துக்க. கண்ணு மட்டும் வைக்காதே!"

சிரித்துக்கொண்டே போனான்.

கம்ப்யூட்டருக்குள் என்னென்ன வேலை ஓடுகிறது, யார் பெயரில், எவ்வளவு சக்தியைத் தின்கிறது என்று காட்டும் கட்டளை ஒன்று உண்டு. அதைப் போட்டாள். லஸாதின் வேலை பறந்துகொண்டிருந்தது.

அளந்து பார்ப்பதற்கும் சக்தி செலவாகும் என்பது அவளுக்குத் தெரியும். ஒருமுறை பார்த்தால் ஒன்றும் ஆகாது. பல திரைகளில், விடாமல் பார்த்தால்...

இன்னொரு திரை திறந்தாள். அதே கட்டளை. இன்னொன்று. இன்னொன்று.

லஸாதின் வேலை தளர்ந்தது. அவள் மனம் குளிர்ந்தது. யார் குற்றம் சொல்ல முடியும்? பார்க்கத்தானே செய்தாள்!

அப்போதுதான் பட்டியலின் அடியில் அந்தப் பெயர் வந்தது.

ஷெத்லி.

அப்படி ஒருவர் அங்கே வேலையில் இல்லை. ஆனால் அந்தப் பெயரிலும் அதே கட்டளை ஓடியது.

அவள் இன்னொரு திரை திறந்தாள். ஷெத்லியும் ஒன்று திறந்தார்.

நிறுத்தினாள். பெயர் மறைந்தது...

திரும்ப வந்தது.

டக்... டக்... டக்...

பின்னால் கீபோர்டு சத்தம். திரும்பினாள். வெறும் மேஜை. அதில் கீபோர்டே இல்லை.

டக்.

அவசரமாகத் திரைகளை மூடினாள். மூட மூடத் திறந்தன. லஸாதின் வேலை நின்றேவிட்டது.

காதோரம் மூச்சு...

"இன்னும் கொஞ்சம் பாரு."

ஓடினாள்.

மறுநாள் லஸாத் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தான். பதவி கைநழுவிவிட்டது. அவள் உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். அவன் முந்திக்கொண்டான்.

"யாரோ அந்தப் பார்க்கற கட்டளையை விடாம போட்டு என் வேலையைக் கொன்னுட்டாங்க. எல்லாம் ஷெத்லிங்கற பேர்ல."

"யாரு... அது?"

"நமக்கு முன்னாடி இங்க இருந்தவராம். கூட்டாளிக்குப் பதவி கிடைச்ச அன்னைக்கு, இதே அறையில உட்கார்ந்தபடியே செத்துப்போனாராம்."

அவள் தன் மேஜையைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொன்னு, துர்ஸாஃப். எல்லாத் திரையும் உன் மேஜையிலேருந்துதான் திறந்திருக்கு. முதல் திரையிலேருந்தே... ஷெத்லி பேர்தான். உன் பேர் ஒரு இடத்துலகூட இல்ல."