நாலு பித்தளைத் திருகாணி

எஸ்றாவைப் போல ஒரு முன்கோபக்காரரைத் தூத்துக்குடி பீச் ரோட்டில் நான் பார்த்ததில்லை. கத்தி முனையை வைத்துத் திருகாணியைக் கழற்றப் பார்த்துவிட்டு, முடியாமல் எவனாவது அவருடைய தோணிச் சாமான் ரிப்பேர் கடைக்கு வந்தால் தொலைந்தான். "வெட்டைப் பூரா மழுக்கிட்டு இப்ப என்னத்துக்குல வந்த?" என்று வாசலிலேயே விரட்டுவார். விரட்டிவிட்டு, அவரே பிடுங்கி வைத்துச் சரி செய்தும் கொடுப்பார்.

அவரிடம் ஒன்பது திருப்புளிகள் இருந்தன. திருகாணியின் தலையை ஒரு பார்வை பார்ப்பார். கை தானாகப் போய்ச் சரியானதை எடுக்கும். திருப்புளியின் நாக்கு, திருகாணித் தலையில் இருக்கும் வெட்டில் முழுசாக உட்கார வேண்டும். சிறுத்தால் வெட்டு மழுங்கும், பெருத்தால் பக்கத்து மரம் கிழியும். உப்புக் காற்றுப் படும் இடத்தில் பித்தளைதான் போட வேண்டும். திசைகாட்டிக்குக் கட்டாயம் பித்தளைதான், இரும்பை வைத்தால் ஊசியை இழுத்துவிடும். அடுத்த கடையில் கயிறு விற்ற எனக்கு இதெல்லாம் எதற்கு? ஆனாலும் வியாபாரம் இல்லாத நேரமெல்லாம் அவர் பெஞ்சில்தான் கிடப்பேன்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் பித்தளையைக் கண்ணால் காண முடியவில்லை. எல்லாம் சண்டைக்குப் போய்விட்டது. அந்த வருஷம்தான் அவர் மனைவி ஜெயபாயின் நெஞ்சு பூராவும் கெட்டுவிட்டது என்று டாக்டர் கைவிரித்தார். கடைக்குப் பின்னால் இருந்த அறையில் அவள் படுத்திருந்தாள். இருமல் எனக்கும் கேட்கும்.

அவள் அம்மாவின் கல்லறைச் சிலுவையில் இரும்புத் திருகாணி போட்டிருந்தார்கள். உப்புக் காற்றில் துருவேறிப் பெயர்த் தகடு விழுந்து, எங்கோ போய்விட்டது. "எங்கம்மா குழி எதுன்னு எனக்கே தெரியல. என்னையும் அப்படி ஆக்கிப்புடாதிய" என்று ஜெயபாய் அவரிடம் கேட்டிருந்தாள். எஸ்றா ஒரு பழைய கப்பல் விளக்கிலிருந்து நாலு பித்தளைத் திருகாணிகளைக் கழற்றி, எண்ணெய் துடைத்து, தீப்பெட்டியில் போட்டு மேல்தட்டில் வைத்தார். யார் எதற்கென்று கேட்டாலும் கொடுக்க மாட்டார்.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம், தோணியை ஓட்டும் தண்டல் பாஸ்கல் திசைகாட்டிப் பெட்டியோடு ஓடி வந்தான். கண்ணாடி வளையத்தைப் பிடித்திருந்த நாலு திருகாணிகளும் அரித்துப்போயிருந்தன.

"காலையில பாய் விரிக்கணும் அண்ணாச்சி. கொழும்புக்குக் கருப்பட்டி ஏத்தியாச்சு. என்னையும் சேத்து ஆறு பேரு காத்துக் கெடக்கோம்."

எஸ்றா பழைய வளையத்தைக் கழற்றினார். அளவு பார்த்தார். அவர் கண் மேல்தட்டுக்குப் போனது. என் கண்ணும் போனது. உள்ளே ஜெயபாய் இருமினாள்.

எஸ்றா இழுப்பறையைத் திறந்து இரும்புத் திருகாணிகளை எடுத்தார். மஞ்சள் வர்ணம் தொட்டு வைத்து முடுக்கினார். கடைசித் திருகாணி இறங்கியதும் ஊசி ஒரு நெல்லளவு விலகி நின்றது. கண்ணாடியை விரலால் தட்டினார். ஊசி ஆடிவிட்டுத் திரும்பவும் அங்கேயே நின்றது.

"சரியா இருக்கா அண்ணாச்சி?"

"பெஞ்சு ஆடுது. போயிட்டு வா. வந்ததும் வேற போட்டுத் தாரேன்."

நானும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். எனக்குத் தெரிந்த விஷயம்தானே அது.

பாஸ்கலோடு சேர்ந்து புறப்பட்ட இன்னொரு தோணியின் தண்டல் ஹென்றி, எட்டாம் நாள் திரும்பி வந்து சொன்னான்: "எங்க கூடத்தான் வந்தான். ரெண்டு ராத்திரி மேகம் மூடிட்டு, ஒரு நட்சத்திரம் தெரியல. விடிஞ்சு பாத்தா ஆளக் காணோம்." கொழும்புக்கு வெகு தெற்கே, எந்தத் தோணிக்கும் வேலையில்லாத கடலில், பாஸ்கல் தோணியின் சுக்கான் துண்டு ஒன்று கிடைத்ததாகப் பின்னால் தெரிந்தது. காற்று என்றார்கள், விதி என்றார்கள். திசைகாட்டியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எஸ்றா அந்த நாளிலிருந்து யாரையும் விரட்டவில்லை. கத்தியால் மழுக்கிக்கொண்டு வந்தவனிடமும் பேசாமல் வாங்கி வைத்தார். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

தை மாதம் பாஸ்கலின் பெண்சாதி பிளாரன்ஸ் ஒரு மரச்சிலுவையையும் பெயர் வெட்டிய தகட்டையும் கொண்டு வந்தாள்.

"குழிக்குள்ள ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. பேராவது நிக்கட்டும். துருப்புடிக்காத திருகாணியாப் பாத்துப் போட்டுத் தாங்க. ஒங்களுக்குத்தான் அதெல்லாம் தெரியும்னு அவுக சொல்லுவாக."

எஸ்றா எழுந்து மேல்தட்டிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். அன்றைக்குத்தான் அவர் கை தப்பான திருப்புளியை எடுத்து நான் பார்த்தேன். அது வழுக்கி, பாஸ்கலின் பெயர் மேல் ஒரு கோடு இழுத்தது. பிளாரன்ஸ் முந்தானையால் அந்தக் கோட்டைத் துடைத்துப் பார்த்தாள். அது போகவில்லை. வேறு திருப்புளி எடுத்து, நாலையும் முடுக்கிக் கொடுத்தார்.

அவள் போனதும் உள்ளேயிருந்து ஜெயபாய் கேட்டாள்: "தீப்பெட்டியை எடுத்தியளோ?"

அவர் காலித் தீப்பெட்டியை மூடி மேல்தட்டிலேயே வைத்தார். மாசியில் அவள் செத்தபோது சிலுவையில் இரும்புத் திருகாணிதான் போட்டார். ரெண்டு மழைக்குள் தகடு விழுந்துவிட்டது.

சண்டை முடிந்து பித்தளை கடைக்கு வந்ததும் முதல் வேலையாக ஜெயபாயின் சிலுவைக்கென்று நாலு திருகாணிகளை வாங்கிக்கொண்டு போய் அவர் கையில் வைத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல சாமான்தான். பாஸ்கல் வந்த அன்னைக்குத் தட்டுல இருந்ததும் இதே அளவுதான்" என்று சொல்லி என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.