ஏழு வயது குறைந்த வாத்தியார்

ஹோர்சன்ஸில் குணசேகரத்துக்கு ஐம்பத்தாறு வயது. டென்மார்க் அரசாங்கம் அப்படிச் சொல்கிறது, கடவுச்சீட்டு சொல்கிறது, குடும்ப மருத்துவரும் கணினியைப் பார்த்து அதையேதான் சொல்கிறார். அவருடைய முழங்கால் மட்டும் அறுபத்து மூன்று என்கிறது. உண்மையைச் சொல்வது முழங்கால்தான். ஆனால் முழங்காலின் பேச்சை எந்த அரசாங்கக் கந்தோர் கேட்டிருக்கிறது?

எண்பத்தாறாம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டபோது அவருக்கு இருபத்து நாலு. ஆசிரிய கலாசாலையில் இரண்டு வருடம் ஆங்கிலம் படித்து, பயிற்றப்பட்ட ஆசிரியர் என்று சான்றிதழ் வாங்கி, ஒரு வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தும் இருந்தார். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் அவருடைய ஒல்லி உடம்பை மேலும் கீழும் பார்த்தான். "தம்பி, மீசையை வழியும். பதினேழு எண்டு சொல்லும். பதினெட்டுக்குக் கீழ எண்டால் திருப்பி அனுப்பமாட்டாங்கள்" என்றான். மீசை போயிற்று. அதோடு ஏழு வயது போயிற்று. வாத்தியார் உத்தியோகமும் போயிற்று, ஏனென்றால் பதினேழு வயதுப் பொடியன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருக்க முடியும்? சான்றிதழைத் தமக்கையிடம் கொடுத்து, பெட்டிக்குள் வைக்கச் சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

டெனிஷ்காரர்கள் இரக்கமுள்ளவர்கள். தாய் தகப்பன் இல்லாமல் தனியே வந்த பிள்ளை என்று மனம் கசிந்து அவரைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு. ஆங்கிலம் படிப்பிக்க வந்த ஆள் குணசேகரத்தை விட ஒரு வயது இளையவர். குணசேகரம் கடைசி வாங்கில் இருந்து, வேண்டுமென்றே பிழை விட்டு எழுதினார். சரியாக எழுதினால் எங்கே படித்தாய் என்று கேள்வி வரும் அல்லவா? கொஞ்சம் கொஞ்சமாகப் பிழைகளைக் குறைத்துக்கொண்டு வந்தார். வருட முடிவில் அந்த இளைஞர் அவருடைய தோளில் தட்டி, நல்ல முன்னேற்றம் என்றார். அந்தத் தட்டு இன்னும் தோளில் இருக்கிறது என்று குணசேகரம் ஒருமுறை மனைவியிடம் சொன்னார். தங்கமலர் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

தங்கமலருக்கு உண்மை வயது ஆரம்பத்திலேயே தெரியும். கல்யாணம் பேசும்போது சாதகம் பார்க்க வேண்டும். கிரகங்களிடம் ஏஜென்சிக்காரனின் பொய் எடுபடாது. ஆகவே உண்மையான திகதியோடு எழுதிய சாதகம் கடல் தாண்டிப் போய்ப் பொருந்தி வந்தது. இருபத்தைந்து வயது மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லி, முப்பத்திரண்டு வயதுக்காரருக்குக் கழுத்தை நீட்டினாள். அந்தக் கணக்கை அவள் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

படித்த படிப்பைச் சொல்ல முடியாதவனுக்கு எந்த நாட்டிலும் பெட்டி தூக்குகிற வேலைதான். குணசேகரம் நகரத்துக்கு வெளியே ஒரு குளிரூட்டிய சரக்குக் கிடங்கில் சேர்ந்து முப்பத்தொரு வருடமாயிற்று. காலை ஐந்தரைக்கு பஸ். தடித்த கையுறை, காதை மூடும் தொப்பி, உறைந்த பட்டாணிப் பெட்டிகள். அவரோடு சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வுக்குப் போனார்கள். அவருக்கு அறுபத்தொன்பதில்தான் ஓய்வூதியம். அதாவது இன்னும் பதின்மூன்று வருடம். அதாவது அந்த உடம்புக்கு எழுபத்தாறு ஆகும்போது. தான் ஏமாற்றிவிட்டதாக அவர் எண்ணியிருந்த அரசாங்கம் வாயே திறக்காமல் அந்த ஏழு வருடத்தையும் பெட்டி பெட்டியாக அவரைத் தூக்க வைத்துக்கொண்டிருந்தது.

ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மகன் ஆரணன் மண்டபம் எடுத்து விருந்து வைத்தான். அவனுக்கு எதுவும் தெரியாது. கோல்டிங், ஒடென்சே நகரங்களிலிருந்தெல்லாம் சனம் வந்தது. ஐம்பத்தேழு வயதுக் குணசேகரம் ஐம்பது மெழுகுதிரியை ஊதினார். "உங்களைப் பாத்தால் கொஞ்சம் வயசு கூடின மாதிரித் தெரியுதண்ணை" என்று ஒருவர் சொன்னதற்கு, "குளிர் வேலை" என்று தங்கமலர் முந்திக்கொண்டு பதில் சொன்னாள்.

இவ்வளவும் பழைய கதை. இந்த வருடம் மாசி மாதம் அவர்களுக்கு முப்பதாவது கல்யாண நாள் வந்தது. ஆரணன் இருவரையும் ஒரு கிழமை மெக்சிகோவுக்கு அனுப்பிவைத்தான். பசிபிக் கரையில் ஹொட்டல்களே ஊராகிவிட்ட ஒரு சின்னப் பட்டினம். தங்கமலர் வெயிலுக்குப் பயந்து அறைக்குள் இருந்தாள். குணசேகரம் நடந்தார். மூன்றாம் நாள், பழக்கடைக்கு மேலே மாடியில், ஆங்கிலம் படிப்பிக்கும் பள்ளி என்று ஒரு பலகையைக் கண்டார்.

அந்த ஊரில் வாத்தியார் வேலைக்கு விண்ணப்பம், கடிதம் என்று ஒன்றும் கிடையாது. எழுதினால் பதில் வராது. நேரே போய் வாசலில் நிற்க வேண்டும். நிற்பவர்கள் பெரும்பாலும் கடலில் குளித்த ஈரம் காயாத வெள்ளைக்கார இளசுகள். அவர்கள் ஒரு மாதம் படிப்பித்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவார்கள். அன்றைக்கும் ஒருவன் வரவில்லை. தலைமையாசிரியை வாசலுக்கு ஓடிவந்து, அங்கே பலகையைப் பார்த்துக்கொண்டு நின்ற குணசேகரத்திடம், ஆங்கிலம் தெரியுமா என்று கேட்டாள்.

"நான் ஆங்கில ஆசிரியர்" என்றார் குணசேகரம். முப்பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு அந்த வசனம் அவர் வாயிலிருந்து வந்தது. அவருக்கே பயமாக இருந்தது.

உள்ளே பதினாலு பேர். ஹொட்டல் பரிசாரகர்கள், அறை துடைக்கிற பெண்கள், வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள். அவருக்கு முதல் ஐந்து நிமிடம் நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு என்ன நடந்ததோ தெரியாது, கலாசாலையில் பழக்கிய உடம்பு தானாக எழும்பி நின்றது. வாடிக்கையாளர் கோபிக்கிறார், சாப்பாடு ஆறிவிட்டது, நீ என்ன சொல்வாய் என்று ஒவ்வொருவரையும் எழுப்பி நடிக்க வைத்தார். அவரே கோபக்கார வெள்ளைக்காரராக நடித்தார். வகுப்பு உருண்டு சிரித்தது. போகும்போது ஒவ்வொருவராக வந்து "மாயெஸ்த்ரோ" என்று சொல்லிக் கைகொடுத்தார்கள். வாத்தியார் என்று அர்த்தம். குணசேகரம் படியிறங்கி வந்து பழக்கடை ஓரத்தில் நின்று அழுதார். அவ்வளவு சந்தோசம் அவருக்குப் பிள்ளை பிறந்தபோதும் வந்ததில்லை.

தலைமையாசிரியை அடுத்த நாளே வேலையைக் கொடுத்தாள். ஆவணியில் தொடங்க வேண்டும். மேல்மாடியில் ஒரு அறையும் உண்டு. ஒரே ஒரு நிபந்தனை: வேலை அனுமதிக்காகப் பயிற்சிச் சான்றிதழையும் கடவுச்சீட்டையும் அனுப்ப வேண்டும்.

"விசரே உங்களுக்கு?" என்றாள் தங்கமலர், திரும்பி வரும் விமானத்தில். "முழங்கால் ஏலாத மனுசன் மெக்சிகோவில போய் ஆருக்குப் படிப்பிக்கப் போறியள்?"

"நீரும் வாரும். வெயில் முழங்காலுக்கு நல்லது."

"நான் வரேல்லை. என்ர பிள்ளை இஞ்ச இருக்கிறான்."

ஆனால் போகவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. குணசேகரம் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்தார். தமக்கை பெட்டியைக் கிளறி, கறையான் ஓரம் தின்ற சான்றிதழைக் கண்டுபிடித்து, கூரியரில் அனுப்பினாள். வந்த அன்று அவர் அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னுடைய பெயரும், பயிற்றப்பட்ட ஆசிரியர் என்ற சொல்லும் ஒரே வரியில் இருந்தன. பிறந்த திகதியும் இருந்தது. ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்திரண்டு. அதைப் பெருவிரலால் மறைத்துப் பார்த்தார்.

மறைத்து என்ன பயன்? மனுசன் இரண்டையும் அப்படியே அனுப்பிவிட்டார். மெக்சிகோவில் யார் உன்னிப்பாகப் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தார். முப்பத்தொன்பது வருடம் டென்மார்க்கில் இருந்தவர் அப்படி நினைக்கலாமா? தலைமையாசிரியை பார்த்தாள். மிகவும் மரியாதையாக எழுதினாள். பிறந்த ஆண்டு கடவுச்சீட்டில் அறுபத்தொன்பது என்றும் சான்றிதழில் அறுபத்திரண்டு என்றும் இருக்கிறது, எது சரி என்று டென்மார்க் அதிகாரிகளிடம் ஒரு கடிதம் வாங்கி அனுப்பினால் வேலை உங்களுக்குத்தான் என்றாள்.

ஆரணன் கொம்யூனில், அதாவது நகரசபையில், வேலை செய்கிறான். நூலகங்களைக் கவனிக்கிற பகுதி. ஆனாலும் கந்தோர்ப் பாஷை தெரிந்தவன் என்று குணசேகரம் அவனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். ஏஜென்சி, மீசை, ஒன்பதாம் வகுப்பு, எல்லாம். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். தகப்பன் தனியே பட்ட பாட்டை நினைத்து அவன் கண் கலங்கும் என்று குணசேகரம் எதிர்பார்த்தார். அவன் எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினான்.

"இது வேற ஆருக்குத் தெரியும்?"

"அம்மாவுக்கு. யாழ்ப்பாணத்து மாமிக்கு."

அதற்குப் பிறகு அவன் டெனிஷுக்கு மாறிவிட்டான். கோபம் வந்தால் அவனுக்குத் தமிழ் வராது; அப்பாவைக் கூப்பிடுகிற 'ஃபா' மட்டும் எப்போதுமே டெனிஷ்தான். பொய் சொல்லி எடுத்த குடியுரிமையைப் பறிக்கச் சட்டம் இருக்கிறது என்றான். தன்னுடைய குடியுரிமையும் அம்மாவுடையதும் அதிலிருந்துதான் வந்தவை என்றான். திகதியைத் திருத்தக் கேட்பதும், பொய் சொன்னேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதும் ஒன்றுதான் என்றான்.

"அப்ப என்ன செய்யிறது?"

"ஃபா, உங்களுக்கு ஐம்பத்தாறு வயது. அவ்வளவுதான். அந்தச் சான்றிதழ் வேற ஒரு ஆளுடையது."

"அது என்ர பேர், தம்பி."

"அண்ணன் தம்பிக்கு ஒரே மாதிரிப் பேர் வைக்கிறது உங்கட ஊரில வழக்கம் எண்டு எழுதுவம். அவைக்கு என்ன தெரியப்போகுது?"

குணசேகரம் கெஞ்சினார். பெற்ற மகனிடம் கை கூப்பியே கெஞ்சினார் என்று சொல்லத்தான் வேண்டும். "ஒரு வருசம், தம்பி. செத்துப்போக முன்னம் ஒரே ஒரு வருசம் நான் நானாக இருந்திட்டு வாறன். வாத்தியாராய் இருந்திட்டு வாறன்."

ஆரணன் தாயைப் பார்த்தான். தங்கமலர் வாயில் ஒரு சொல் இருந்திருந்தால் அன்றைக்கு அது போதுமாக இருந்திருக்கும். அவள் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "அவன் சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு" என்றாள். "ஊருக்கு இருபத்தைஞ்சு எண்டு சொல்லித்தானே என்னைக் கட்டினனீங்கள். அப்பிடியே இருங்கோ."

பதில் போகாவிட்டால் தலைமையாசிரியை நேரே டென்மார்க் அதிகாரிகளிடமே கேட்டுவிடலாம் என்று பயந்து, கடிதத்தை ஆரணன் தன்னுடைய கணினியில் ஆங்கிலத்தில் எழுதினான். தவறுதலாக அனுப்பப்பட்ட சான்றிதழ் என்னுடைய மூத்த சகோதரருடையது, அவர் எண்பத்தாறாம் ஆண்டு இலங்கையில் இறந்துவிட்டார், நான் எந்தப் பயிற்சியும் பெற்றவன் அல்லன், குழப்பத்துக்கு மன்னிக்கவும். எழுதிவிட்டுத் தகப்பனிடம் நீட்டினான். குணசேகரம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். மூன்று இடத்தில் பிழை இருந்தது. மூன்றையும் திருத்திக் கொடுத்தார். மகன் அனுப்பு என்ற பொத்தானை அமத்தினான். பிறகு அந்தச் சான்றிதழை நாலாகக் கிழித்துத் தன்னுடைய காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டான். வீட்டுக் குப்பையில் போடக்கூட அவன் தகப்பனை நம்பவில்லை.

பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. தங்கமலர் புட்டுக் குழலைக் கழுவிக்கொண்டிருந்தாள். குணசேகரம் கைத்தொலைபேசியைப் பிடித்தபடி அசையாமல் இருப்பதைக் கண்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது.

"அந்த மெக்சிகோ மனுசி என்னவாம்? வாசியுங்கோ."

அவர் வாசித்து, வாசித்து, தமிழில் சொன்னார். உங்கள் சகோதரரின் இழப்புக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள். இவ்வளவு இளம் வயதில் போய்விட்டாரே. அவர் மிக நல்ல ஆசிரியராக இருந்திருப்பார். அந்த இடத்துக்கு இப்போது பயிற்றப்பட்ட ஒருவரை எடுத்துவிட்டோம். அன்றைக்கு நீங்கள் எடுத்த வகுப்புக்கு நன்றி. பயிற்சி எதுவும் இல்லாத ஒருவருக்கு அது மெச்சத்தக்க முயற்சி.

தங்கமலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப இனி வருசா வருசம் அவருக்குத் திவசமும் குடுக்கோணுமோ?" என்றாள்.

குணசேகரம் கைத்தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். அவர் அழுதுகொண்டிருந்தார். சத்தம் இல்லை, கண்ணீர் கன்னத்தில் இறங்கிப் பனியனில் விழுந்தது. தங்கமலர் ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். பிறகு குழலைக் கழுவப் போய்விட்டாள்.

அப்போது தொலைபேசி அடித்தது. ஆரணன்.

"ஃபா, மெக்சிகோவில இருந்து மறுமொழி வந்ததே?"

"ஓம், வந்தது."

"ஒரு பிரச்சினையும் இல்லையே?"

"இல்லைத் தம்பி" என்றார் குணசேகரம். "நம்பிட்டினம்."